பின்னிருக்கையைக் கேளுங்கள்

நடுத்தரக் குடும்பமொன்று மோட்டார் சைக்கிள் வாங்கப் புறப்படும்போது முதலில் எழும் வினா, "எத்தனை சீசீ?" என்பதாகும். இரண்டாவது, "லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர் ஓடும்?" என்பது. மூன்றாவது விலை. இம் மூன்றையும் கேட்பவர் வண்டியை ஓட்டப்போகிறவர். விடை பகர்பவர் அதனை விற்கப்போகிறவர். பின்னால் அமர்ந்து நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் போகவிருக்கும் மனைவியையோ, தாயையோ, தம்பியையோ ஒரு வார்த்தை கேட்பாரில்லை. சந்தைக்கும் கந்தோருக்கும் போய்வரும் வண்டியாயின் இக்குறை பெரிதாகத் தோன்றாது. யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிக்கோ, மட்டக்களப்புக்கோ, கதிர்காமத்துக்கோ இருவராகப் போய்வர எண்ணுவோர்க்கு இதுவே தலையாய குறை என்பது நமது கருத்து.

இத்தகைய பயணம் நம் மக்களுக்குப் புதியது. ஏ-9 எனப்படும் கண்டி வீதி 321 கிலோமீற்றர் நீளமுடையது. போரினால் நெடுங்காலம் மூடிக் கிடந்து, 2002-ஆம் ஆண்டிற் திறந்து, 2006 ஆகஸ்ட்டில் மறுபடியும் மூடி, 2009-இல் போர் முடிவுற்ற பின்னரே அது பொதுமக்களுக்கு நிலையாகக் கிடைத்தது. 2011-இல் சங்குப்பிட்டிப் பாலம் திறக்கப்பட்டதும் பூநகரி வழியாக மன்னார்ப் பக்கமும் பாதை பிறந்தது. தொண்ணூறுகளிற் பெற்றோல் கிடையாது, சொட்டுப் பெற்றோலைக் காட்டி இயந்திரத்தை உயிர்ப்பித்து, மண்ணெண்ணெயில் எம்டி 90 ஓட்டிய தலைமுறைக்கு, இருவராக மலைநாடு போய்வருவது நினைத்தும் பார்த்திராத காரியம். அந்தத் தலைமுறையின் பிள்ளைகள் இன்று உழைக்கிறார்கள், மணம் முடித்திருக்கிறார்கள். காரின் விலையோ அவர்கள் கைக்கு எட்டாத கொப்பிலே தொங்குகின்றது. புதிய மோட்டார் சைக்கிளும் பலருக்கு அப்படியே. ஆகவே, பிறர் ஓட்டிக் கழித்த வண்டியொன்றை நாடுகிறார்கள். அதில் இழுக்கு ஒன்றுமில்லை. தெரிந்து வாங்கவேண்டும், அவ்வளவே.

சந்தையின் இயல்பை முதலில் அறிந்துகொள்வது நன்று. 2020 மார்ச் மாதத்தில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025-இல் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளுக்குரிய வண்டிகள் ஆதலாற் குறைவு. கைக்கடக்கமான விலைக்கு வருபவற்றுட் பெரும்பாலானவை 2019-க்கு முற்பட்டவையே. "அதிகம் ஓடாத வண்டி" என்று விற்பவர் பெருமை பேசுவார். ஓடாமல் நின்ற காலமும் வண்டியை முதுமைப்படுத்தும் என்பதை மறந்துவிடலாகாது. ரயர் இறுகும், ரப்பர் வளையங்கள் வெடிக்கும், தாங்கியின் உட்புறம் துருவேறும்.

நிற்க. இருவர் ஏறும்போது வண்டிக்கு யாது நேர்கின்றது என்பதைச் சற்றுக் கணக்கிட்டுப் பார்ப்போம். மாணவர்களும் கடுதாசியும் பென்சிலும் எடுத்துக்கொள்ளலாம். வண்டி 150 கிலோ, ஓட்டுபவர் 65, பின்னிருப்பவர் 55, பொதி 15. ஆகமொத்தம் 285 கிலோ. இச்சுமை பன்னிரண்டுக்கு ஒன்று என்ற சரிவில் மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் ஏறவேண்டுமானால், உயரம் ஏறுவதற்கு மாத்திரம் ஏறத்தாழ மூன்றரைப் பரிவலு தேவை. காற்றைக் கிழிப்பதற்கும் ரயரின் உருளலுக்கும் செயினின் உராய்வுக்கும் வேண்டியது இதற்குப் புறம்பு. நூறு சீசீ இயந்திரமொன்று புதிதாயிருக்கும்போது தனது உச்சச் சுழற்சியிலே தருவது ஏழு, ஏழரைப் பரிவலுவே. பத்தாண்டு ஓடித் தேய்ந்த பின்னர் அதுவும் குறையும். இறம்பொடை வளைவுகளில் நூறு சீசீ வண்டி இரண்டாம் கியரில் அழுதுகொண்டு ஏறுவதன் காரணம் இதுதான். நூற்றைம்பது சீசீ வண்டிக்குப் பதினான்கு பரிவலுவளவில் இருப்பதால், ஏறிய பின்னும் கொஞ்சம் மூச்சு மிஞ்சும்.

ஏறுவதிலும் பார்க்க இறங்குவது கடினம். இயக்கப்பாட்டுச் சக்தி வேகத்தின் வர்க்கத்தோடு வளர்வதென்று வகுப்பிலே படித்திருக்கிறோம். மணிக்கு 50 கிலோமீற்றரில் ஓடும் வண்டியை நிறுத்துவதிலும், 70-இல் ஓடும் அதே வண்டியை நிறுத்த ஏறத்தாழ இருமடங்கு சக்தியைப் பிறேக்குகள் விழுங்கவேண்டும். 1868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவிலிருந்து இருவரோடு கீழே வருகையில், பிறேக்கை விடாமல் மிதித்துக்கொண்டு வருபவர் அடிவாரத்தை அடையுமுன்பே அது சூடேறிப் பிடிமானம் தளர்வதை உணர்வார். தாழ்ந்த கியரிலே இறங்கவேண்டும். முன்சில்லில் தட்டுப் பிறேக் உள்ள வண்டியை வாங்கவேண்டும்.

அப்படியாயின் எவ்வளவு பெரிய இயந்திரம் வேண்டும்? அதிவேக நெடுஞ்சாலைகளில் நம் நாட்டில் மோட்டார் சைக்கிளுக்கு இடமில்லை. ஏனைய வீதிகளில் ஊர்மனைக்கு வெளியே சட்டம் அனுமதிப்பது மணிக்கு 70 கிலோமீற்றர். நூற்று இருபதில் பறக்கும் வல்லமைக்குப் பணம் கொடுப்பவர், பயன்படுத்த முடியாத பொருளுக்கே பணம் கொடுக்கிறார். 150 முதல் 220 சீசீ வரை போதும், தாராளமாகப் போதும். சாரதி அனுமதிப்பத்திரத்தையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். ஏ-1 வகுப்பு மட்டும் உள்ளவர் நூறு சீசீக்கு மேற்பட்டதை ஓட்ட உரிமையில்லாதவர். ஏ வகுப்பு வேண்டும்.

இனி வண்டிகள். நூறு சீசீ வண்டிகளை ஏளனம் செய்யும் இளைஞர்களோடு நாம் உடன்படோம். பஜாஜ் பிளற்றினா போன்றவற்றின் இருக்கை நீண்டு தட்டையாயிருக்கும். இருவர் நெருக்கமின்றி அமரலாம். பெற்றோல் குடிப்பது அரிது. 2022-ஆம் ஆண்டிலே மோட்டார் சைக்கிளுக்கு வாரம் நான்கு லீற்றர் என்று அளந்து கொடுத்த நாள்களில் இவற்றின் அருமையை நாடே அறிந்தது. வன்னியின் சமநிலத்தில் ஐம்பதில் ஆறுதலாகப் போகச் சம்மதமானவர்க்கு இவை போதும். மலைநாட்டுக்கென்றால் வேண்டாம். ஸ்கூட்டர்களில் மிகுதியாக ஓடும் ஹொண்டா டியோவின் சில்லு, பழையவற்றிற் பெரும்பாலும் பத்து அங்குலம். சிறிய சில்லுக்குச் சிறிய குழியும் பெரிய குழியே. ஊருக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

யமஹா எஃப்ஸீ பார்க்க அழகியது. வளைவில் வீதியைப் பற்றிக்கொள்ளும். அகன்ற பின்ரயரும் நல்ல பிறேக்கும் உடையது. பின்னிருக்கையோ ஓட்டுபவரின் இருக்கையிலும் உயர்ந்து குறுகியது. தாங்கி பன்னிரண்டு லீற்றரளவே கொள்ளும். தனியாகச் செல்வோர்க்கு நாம் தயங்காது சொல்லும் வண்டி. இருவர்க்கு அரைமனதோடுதான் சொல்லுவோம். அவெஞ்சர் 220 இருக்கை தாழ்ந்து, உடல் நீண்டு, நேர்வீதியிற் கப்பல் போலச் செல்லும். முதுகுச் சாய்வு பொருத்தப்பட்டதாயின் பின்னிருப்பவர் நம்மை வாழ்த்துவார். ஆயினும் அவருடைய பாரம் முழுதும் பின்சில்லின் மேலேயே இறங்குவதாற் குழிகளின் அடியும் அவருக்கே. கிறவல் வீதிகளில் வண்டியின் அடிவயிறு தட்டுவதும் உண்டு.

வயதான ஹொண்டா சீடி 125, சீடி 200 ஆகியவற்றின் மேல் நம்மவர்க்குத் தனியொரு காதல் உண்டு. இரண்டு உருளை இயந்திரம், அதிர்வு குறைவு, இருக்கையோ திண்ணை போன்றது. உதிரிப்பாகம் தேடி அலையப் பொழுதும், கைதேர்ந்த மெக்கானிக் ஒருவரின் நட்பும் உடையவர்கள் தாராளமாக வைத்துக்கொள்ளலாம். மதவாச்சியில் இரவு எட்டுமணிக்கு நின்றுவிட்டால் நட்பு உதவமாட்டாது.

அதனாலேதான், பெருமைக்குரியதல்லாத பல்சர் 150-க்கே நாம் முதலிடம் கொடுக்கிறோம். 2001-இல் இந்தியாவிலே முதலில் வெளிவந்த இவ்வண்டி இலங்கையின் மூலைமுடுக்கெங்கும் ஓடுகின்றது. எந்தச் சந்தியிலும் அதனைக் கழற்றிப் பூட்டத் தெரிந்தவர் இருப்பார். கிளச் கம்பியும் பிறேக் கட்டையும் பெட்டிக்கடைத் தூரத்திற் கிடைக்கும். பின்னிருப்பவர் பிடிக்கக் கம்பியுண்டு. அண்மைக் காலத்தவற்றின் தாங்கி 15 லீற்றர் கொள்ளும். லீற்றருக்கு நாற்பது கிலோமீற்றர் என்று குறைத்தே கணக்கிட்டாலும் அறுநூறு கிலோமீற்றர். வேகத்தைக் கூட்டினால் கைபிடியிலும் காற்பலகையிலும் நடுக்கம் தோன்றும். அறுபதிலே போங்கள், தோன்றாது.

நமது பழைய மாணவரொருவர் சென்ற ஆண்டு இவ்விஷயமாக நம்மிடம் வந்தார். வங்கியொன்றில் எழுதுவினைஞர்; மணமாகி ஓராண்டு. மனைவியின் தமக்கை மட்டக்களப்பில் வாழ்க்கைப்பட்டிருக்கிறார். பஸ்ஸில் இராமுழுதும் இடிபட்டுப் போவதிலும் இருவருமாக வண்டியிற் போய்வரலாமென்பது அவர்கள் ஆசை. மாணவர் ஏற்கெனவே ஒரு பந்தய வண்டியைக் கண்ணால் வாங்கிவிட்டார். பின்னிருக்கை உள்ளங்கையளவு, அதுவும் பரண்மேல் வைத்தாற்போல. முற்பணம் கொடுக்குமுன் மனைவியை ஏற்றிப் பருத்தித்துறைவரை ஒருமுறை போய்வாரும் என்றோம். போய்வந்தார்கள். அந்தப் பெண் இறங்கி, கணவரைப் பாராமல் நம்மைப் பார்த்துச் சொன்னார்: "சேர், வண்டி குழியில விழேக்க இவருக்கு ஒண்டும் தெரியேல்லை. எனக்கு முதுகு முறியுது. பிடிக்க ஒரு கம்பியும் இல்லை. இவர் பிறேக் பிடிக்க நான் இவரிலதான் போய் மோதுறன்."

அவர் கூறிய கடைசி வாக்கியம் ஆறுதலைப் பற்றியதன்று, பாதுகாப்பைப் பற்றியது. பின்னிருப்பவர் முன்னே சரிந்து மோதினால் ஓட்டுபவரின் கைகள் அழுத்தப்படும், வண்டி கோணும். களைத்துப்போய் ஒருபக்கம் சாய்ந்திருக்கும் பின்னிருக்கை வளைவிலே வண்டியை இழுக்கும். மாங்குளத்துக்கும் வவுனியாவுக்கும் இடையிலே தூக்கக் கலக்கத்தில் அவர் பிடி தளர்ந்தால் நேர்வதை எழுத நமக்கு மனம் வரவில்லை.

முகம் சுருங்கிய மாணவரை அழைத்துக்கொண்டு வேறொரு பல்சரைப் பார்த்தோம். வர்ணம் மங்கியது, தாங்கியில் ஒரு நெளிவு. இயந்திரமோ மணியானது. "இது பறுவாயில்லை சேர்" என்றார் அந்தப் பெண். அதையே வாங்கினார்கள். விலையில் மிஞ்சிய பணத்துக்கு இரண்டு ரயர், பின்பக்க அதிர்வு தாங்கிகள் இரண்டு, நல்ல தலைக்கவசம் இரண்டு வாங்கச் சொன்னோம். தலைக்கவசத்தில் தனக்கு ஒன்று நல்லதாகவும் மனைவிக்கு ஒன்று மலிவாகவும் வாங்கும் கணவன்மாரை வீதியெங்கும் காண்கிறோம். நம் மாணவரும் அவ்வழியே போகப் பார்த்தார். விடவில்லை.

பின்னிருப்பவர் பார்க்கவேண்டியவற்றை இன்னும் சிறிது விரித்துச் சொல்லவேண்டும். அரைமணி நேரமாவது அமர்ந்து போய்ப் பாருங்கள். ஐந்து நிமிடத்தில் எல்லா இருக்கையும் மெத்தைதான். கால் வைக்கும் கட்டை எங்கே பூட்டப்பட்டிருக்கிறதென்று குனிந்து பாருங்கள். சில பழைய வண்டிகளில் அது சில்லோடு சேர்ந்து ஆடும் பின்கரத்திலே பூட்டப்பட்டிருக்கும். வீதியின் ஒவ்வொரு குலுக்கமும் உள்ளங்காலில் ஏறும். முழங்கால் மிகையாக மடங்குகிறதா? புகைக்குழாய் கெண்டைக்காலைச் சுடுகிறதா? சேலையின் தலைப்போ, தோளிலிட்ட சால்வையோ செயினிலும் சில்லுக் கம்பிகளிலும் சிக்காதபடி தடுப்பு உண்டா? இந்தக் கடைசி வினா உயிர்வினா. நெடும்பயணத்துக்குக் காற்சட்டை போன்ற உடையணிந்து, இருபக்கமும் காலிட்டு அமர்வதே தக்கது. ஒருபக்கம் சாய்ந்தமர்வது கோயில்வரை போக நன்றாயிருக்கலாம்.

வண்டியின் உடல்நலத்தைச் சோதிப்பதற்குக் காலைவேளையில் முன்னறிவித்தலின்றிச் செல்லுங்கள். போனவுடன் இயந்திரத்தைத் தொட்டுப் பாருங்கள். சூடாயிருந்தால் விற்பவர் நமக்காக முன்னரே ஓட்டி இணக்கி வைத்திருக்கிறார். ஆறும்வரை தேநீர் குடித்துக்கொண்டிருக்கலாம். குளிர்ந்த இயந்திரம் எளிதாக உயிர்க்கவேண்டும். நீலப்புகை தொடர்ந்து வந்தால் அது ஒயிலைக் குடிக்கின்றது. அத்தகையதை விட்டு விலகுங்கள். கரும்புகை வந்தால் பெற்றோல் மிகுதியாகப் போகின்றது. பெரும்பாலும் சிறு திருத்தத்தோடு தீரும்.

பின்சில்லின் பற்சக்கரத்திலே செயினைப் பின்னோக்கி இழுத்துப் பாருங்கள். பல்லின் அரைவாசி வெளியே தெரிந்தால் செயினும் பற்சக்கரங்களும் சேர்த்து மாற்றவேண்டியவை. முன்சில்லை நிலத்தினின்று உயர்த்திக் கைபிடியை மெல்லத் திருப்புங்கள். நடுவிலே பள்ளத்தில் விழுந்தாற்போல் நின்றால் கழுத்துக் குண்டுகள் தேய்ந்துவிட்டன. முன் கவைக்குழாயில் ஒயில் கசிவு உண்டாவென விரலால் வழித்துப் பாருங்கள். ரயரின் பக்கத்திலே நான்கு இலக்கங்கள் பொறித்திருக்கும். 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் கிழமையிற் செய்யப்பட்டது என்பது பொருள். பட்டைகள் ஆழமாயிருந்தாலும் அவ்வளவு பழைய ரயரோடு மலையேறவேண்டாம்.

தூரமானி காட்டும் எண்ணை வேதவாக்காகக் கொள்ளவேண்டியதில்லை. அதனைத் திருப்பத் தெரிந்தவர்கள் உளர். கியர் மிதியின் ரப்பரும் கைபிடியும் பொய் சொல்லமாட்டா. இருபதினாயிரம் கிலோமீற்றர் ஓடியதாகச் சொல்லும் வண்டியின் மிதிரப்பர் வழுவழுத்துக் கிடந்தால் முடிவு உங்களுடையது. இருக்கையைக் கழற்றிக் கீழ்ச்சட்டத்தைக் கட்டாயம் பாருங்கள். இருவரையும் பொதியையும் தாங்கப்போவது அந்தப் பின்சட்டமே. வெடிப்போ, புதிய ஒட்டுவேலையோ தெரிந்தால் எவ்வளவு மலிவாயினும் வேண்டாம். ஒருவர் நேர்வீதியில் ஓட்ட, மற்றவர் பின்னால் நின்று முன்சில்லும் பின்சில்லும் ஒரே கோட்டில் ஓடுகின்றனவா என்று கவனிப்பதும் நன்று. விபத்துப்பட்டு வளைந்த உடலை வர்ணம் மறைக்கும், கோடு மறைக்காது.

பத்திரங்களிலே ஏமாந்தவர்கள் இயந்திரத்திலே ஏமாந்தவர்களிலும் அதிகம். பதிவுச் சான்றிதழிலுள்ள அடிச்சட்ட இலக்கமும் இயந்திர இலக்கமும் வண்டியிற் பொறித்தவையோடு எழுத்துக்கெழுத்து ஒத்திருக்கவேண்டும். லீசிங்கில் எடுக்கப்பட்டதாயின் நிதிக் கம்பனியே முழு உரிமையாளராகப் பதிவாகியிருக்கும். அந்தக் கடன் தீர்ந்து பெயர் நீங்காமல் விற்பவர் தருவது வெறும் வாக்குறுதி. பதிவுப் பெயர் ஒருவருடையதாயிருக்க மூன்றாம் கை, நான்காம் கை விற்கும் வண்டிகளும் மலிந்துள்ளன. நடுவிலே ஒருவர் காணாமற்போனால் உரிமை மாற்றம் முடிவதில்லை. வரிப்பத்திரம், புகைப் பரிசோதனைச் சான்றிதழ் ஆகியவற்றின் திகதியையும் பார்த்துக்கொள்ளுங்கள். காப்புறுதியை உங்கள் பெயரில் எடுக்கும்போது, பின்னிருப்பவருக்கு நேரும் காயத்துக்கு அது பொறுப்பேற்கிறதா என்பதை வாசித்தறியுங்கள். பலர் வாசிப்பதில்லை.

கையிலுள்ள பணம் முழுவதையும் விலையாகக் கொடுத்துவிடலாகாது. ஐந்திலொரு பங்கையேனும் ஒதுக்கி வைத்து, வாங்கிய கிழமையே ஒயில், பிறேக் கட்டை, கம்பிகள், தீப்பொறிச் செருகி, பற்றறி ஆகியவற்றைப் புதுப்பிக்கவேண்டும். வண்டியின் கையேடு கிடைத்தால், அது தாங்கக்கூடிய ஆகக்கூடிய சுமை எவ்வளவென்று பாருங்கள். இருவரின் நிறையையும் கழித்து மிஞ்சுவதே பொதிக்கு இடம். அது பலரும் எண்ணுவதிலும் குறைவாயிருக்கும். பாரமான பொதியைப் பின்விளக்கின் மேலே உயரக் கட்டினால் முன்சில்லு இலேசாகிக் கைபிடி ஆடும். இருபக்கமும் தாழத் தொங்கும் பைகளே தக்கவை. பனங்கட்டிக் குட்டானும் மாம்பழமும் தமக்கைக்குக் கொண்டுபோகத்தான் வேண்டுமென்றால், அவற்றை அடியிலும் உடுப்பை மேலிலும் வையுங்கள்.

முதற் பயணமே மட்டக்களப்பாயிருக்கவேண்டாம். முறிகண்டிவரை ஒருநாள் போய், பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக் கொறித்துக்கொண்டு வண்டியைச் சுற்றி வாருங்கள். எங்கே ஒயில் கசிகிறது, எந்த ஆணி தளர்ந்தது, பின்னிருந்தவருக்கு எங்கே நோகிறது என்பன அந்தத் தூரத்துக்குள் வெளியாகிவிடும். நம் மாணவர் இப்படிப் போன அன்று ஆனையிறவுக் காற்றிலே பக்கக்கண்ணாடி ஒன்று தளர்ந்து சுழன்றதாம். அதிர்வு தாங்கியும் இருவருக்கு இணக்கப்படாமல் இருந்ததாம். இரண்டையும் கிளிநொச்சியிலேயே சரிசெய்துகொண்டார்கள். மட்டக்களப்புக்குப் புறப்பட்டது அதற்கு அடுத்த மாதம். மணிக்கொருமுறை நிறுத்தவேண்டும் என்பது மனைவியின் நிபந்தனை. ஹபறணைக்கப்பால் யானை வீதிக்கு வரும் பகுதியைப் பொழுது சாயுமுன் தாண்டிவிடவேண்டும் என்பது நமது நிபந்தனை. பின்சில்லில் தனியே போகும்போது 28 இறாத்தல், இருவர் போகும்போது 32 இறாத்தல் காற்று என்பதை மாத்திரம் தாங்கி மூடியின் உட்புறத்தில் ஒரு துண்டுக் கடுதாசியில் எழுதி ஒட்டிவிட்டோம். காற்று அடிக்கும் பையன் எங்கேயும் இருபத்தெட்டைத்தான் அடிக்கிறானாம்; கடுதாசியைக் காட்டிய பிறகே கூட்டுகிறான் என்று அந்தப் பெண் பின்னர் வந்து சொன்னார்.